இருநூற்றெட்டாம் அளவு

போடி கடைவீதியில் என் மனைவி ஷீபாவுக்கு வைத்திருக்கும் பெயர் "போன் பாக்குற பொண்ணு". இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் போன் பழுதுபார்க்கிறவள் இல்லை. உங்கள் போனுக்குள்ளும் டவருக்குக் கீழே நிற்கும் பெட்டிக்குள்ளும் உட்காரப்போகிற சிப்பில் ஒரு பகுதியை வடிவமைக்கிறவள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் கடையில் ஏலக்காய் பொறுக்கும் கருத்தம்மாள் காதில் ஏறாது. மாதம் ஒரு முறையாவது தன் போனை முந்தானையில் துடைத்துக்கொண்டு மாடியேறிவிடுவார்.

"ஆத்தா ஷீபா, எதுத்தாப்புல பேசுறவுக சத்தமே கேக்கமாட்டேங்குது. செத்த பாரு."

"எனக்கு இந்த வேலை தெரியாதுக்கா. போன் கடையில குடுங்க."

"தெரியாதாமுல்ல! அம்புட்டுப் பெரிய கம்பெனிக்காரன் சும்மாவா சம்பளம் குடுக்கான்? வெளையாடாத."

ஷீபா ஒரு குண்டூசியை எடுத்து போனின் ஓட்டையில் அடைத்திருக்கும் அழுக்கைக் குத்தி விடுவாள். சத்தம் கேட்கும். கருத்தம்மாள் இறங்கிப் போய் வீதியெல்லாம் சொல்லுவார். அப்புறம் நான் போய் விளக்கி என்ன ஆகப்போகிறது!

சரி, அவள் என்னதான் செய்கிறாள்? எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். நான் பி.காம்., அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வண்டன்மேட்டு ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் நான் போனில் சரக்கு சொல்கிறேன். பக்கத்தில் லாரி உறுமுகிறது. "பச்சைக்காய் மூணு மூட்டை, வெளுத்தது அஞ்சு, ஆக எட்டு" என்கிறேன். லாரிச் சத்தத்தில் "அஞ்சு" அமுங்கிப் போனாலும், மூன்றும் எட்டும் காதில் விழுந்தால் போதும், விட்டுப்போனது ஐந்து என்று அவரே பிடித்துக்கொள்வார். போனிலிருந்து டவருக்குப் போகும் ஒவ்வொரு சேதியிலும் இந்த மாதிரி "ஆக எட்டு"கள் ஏராளமாக ஒன்றோடொன்று பின்னிக் கிடக்குமாம். காற்றிலும் மழையிலும் அடிபட்டு வரும் சேதியை அவற்றைக் கொண்டு திரும்பச் சரியாக்குவதற்குப் பெயர் டிகோடர். ஷீபா கட்டுவது அந்த டிகோடரை.

அதிலும் ஒரு சங்கடம் உண்டு. சின்னச் சேதி, பெரிய சேதி என்று ஐம்பத்தோரு அளவுகள். எதை எதோடு கூட்ட வேண்டும் என்ற விதி ஒவ்வோர் அளவுக்கும் மாறும். அளவுக்கு ஒரு டிகோடர் என்று வைத்தால் சிப் ஊதிப்போகும், பேட்டரி தாங்காது. ஆகவே ஒரே ஒரு டிகோடர், எந்த அளவு வந்தாலும் அதற்கு வளைந்துகொடுக்க வேண்டும். எங்கள் கடையில் ஏழு மில்லிமீட்டர்க் காய்க்கு ஒரு சல்லடை, எட்டு மில்லிக்கு வேறொன்று. அவள் கட்டுவது, கேட்ட அளவுக்குத் தன் ஓட்டையை மாற்றிக்கொள்ளும் ஒரே சல்லடை. இதை அவளிடம் சொல்லி, சரிதானே என்று கேட்டேன். "ஏறக்குறைய" என்றாள். அவள் வாயிலிருந்து "ஏறக்குறைய" வாங்குவதே பெரிய காரியம்.

ஆள் அப்படி. கம்பத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஞானசிகாமணியின் ஒரே மகள். மதுரையில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனவள். பெண் பார்க்கப் போன அன்று நான் கொஞ்சம் கெத்தாக, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "இன்னும் தெரியலை. ரெண்டு மூணு தடவை பேசிட்டுச் சொல்றேன்" என்றாள். என் அம்மாவின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மட்டும் அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. பேசினோம். பிறகு அவளே போன் செய்து, "பிடிச்சிருக்கு" என்றாள். கல்யாணம் கம்பம் சர்ச்சில் நடந்தது.

கல்யாணம் ஆகியும் அவள் அங்கே, நான் இங்கே. ஏலக்காய்க் கடையைத் தூக்கிக்கொண்டு போய் பெங்களூரில் வைக்க முடியுமா? தேனியிலிருந்து பஸ் ஏறி, முதுகு ஒடிய அங்கே போய் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுது சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். இதற்குப் பெயர் குடும்பமா? பல வருடம் அப்படி ஓடியது. கடைசியில் அவளுடைய மேலாளர் சுரேஷ்கண்ணன் மனமிரங்கினார். திண்டுக்கல்காரர், நல்ல மனிதர்தான். "நீங்க கட்டுற பகுதியில பிரச்சினை வராத வரைக்கும் போடியிலிருந்தே வேலை பாருங்க. வந்துச்சுன்னா இங்க வந்துரணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் எங்கள் குடித்தனம் நின்றது.

கீழே கடை, மேலே வீடு. காலையில் ஏலக்காய் வாசனை படியேறிப் போகும், பதினோரு மணிக்கு அவள் காபியோடு இறங்கி வருவாள். எதிர்க்கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் நான் சிரிப்பேன். சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்க்கையில் நல்ல காலம் என்றால் அதுதான்.

போன வருடம் ஐப்பசி மழையின்போது அவளுடைய பகுதி முடிந்தது. புதன்கிழமை கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டாள். எல்லோருடைய பகுதியையும் சேர்த்து, திங்கட்கிழமை சிப் அச்சடிக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஒரு கோடுகூட மாற்ற முடியாது. சனிக்கிழமை மத்தியானம் மழையில் வியாபாரம் இல்லை. நான் மாடிக்குப் போனேன். மேசையில் அவளுடைய போர்டு இருந்தது. சிப் அச்சாகி வரும் முன்னால் அதே வேலையைச் செய்து பார்த்துக்கொள்ளும் ஒத்திகைப் போர்டு அது.

"முடிஞ்சிருச்சுல்ல. எனக்கு ஒரு தடவ ஓட்டிக் காட்டு" என்றேன்.

ஓட்டினாள். திரையில் பூஜ்யமாக வரிசை வரிசையாக ஓடியது.

"என்ன இது, எல்லாம் பூஜ்யமா இருக்கு?"

"பூஜ்யமா அனுப்புனேன், பூஜ்யமா வந்துச்சு. சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"இத்தன மாசமும் பூஜ்யத்தையா அனுப்பிப் பாத்தே?"

முக்கியமான அளவுகளை நிஜச் சேதி கொடுத்துப் பரிசோதித்தாளாம். மற்றவற்றுக்குப் பூஜ்யம். எல்லாம் பூஜ்யமாக இருக்கும் சேதி எந்த அளவிலும் செல்லுபடியாகும். அதைத் தயாரிக்கத் தனி வேலை வேண்டாம். அதன் மேல் கொஞ்சம் இரைச்சலைத் தூவி உள்ளே விட்டு, மறுபக்கம் பூஜ்யமாகவே வந்தால் டிகோடர் தேறிவிட்டது. "இந்த வேலை பாக்குறவுக நெறையப் பேரு இப்பிடித்தான் பண்றாக. நேரம் மிச்சம்" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இம்புட்டுப் படிச்சுப்புட்டு ஒண்ணுமில்லாததையா அனுப்புறே? நம்ம கடை போர்டைப் படம் எடுத்து அனுப்பு பாப்போம்!"

சிரித்தாள். அன்று அவளுக்கு வேலை முடிந்த சந்தோஷம். என் போனிலிருந்து படத்தை வாங்கி, அதைச் சேதியாக மாற்றினாள். இரைச்சலைத் தூவினாள். திரையில் எங்கள் கடைப் பெயர் புள்ளி புள்ளியாகச் சிதைந்து, அடுத்த நொடி பளிச்சென்று வந்து நின்றது. கைதட்டினேன். "எந்த அளவு வேணுமோ நீங்களே தொடுங்க" என்று பட்டியலைக் காட்டினாள். அதில் இருநூற்றெட்டு இருந்தது. எங்கள் வீட்டுக் கதவிலக்கம்! தொட்டேன்.

படம் வரவில்லை. திரை முழுக்கச் சாம்பலைக் கொட்டியது போல இருந்தது. ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ஏதோ எரிந்தது.

"மழையில கரண்டு ஏதும்..." என்று ஆரம்பித்தேன். ஷீபா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். நூற்று நான்கைத் தொட்டாள். சாம்பல். ஐம்பத்திரண்டு, இருபத்தாறு, பதின்மூன்று. எல்லாம் சாம்பல். மற்ற அளவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், கடைப் பெயர் ஒழுங்காக வந்தது. பதின்மூன்றின் குடும்பம் மட்டும் பாழ். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"கணக்கு தப்பா இருக்குங்க" என்றாள் மெதுவாக. "இந்த அஞ்சுலயும் எதை எதோட கூட்டணுமோ அதைக் கூட்டாம, வேற எதையோ கூட்டிட்டு இருந்திருக்கு."

"அப்ப பூஜ்யம் எப்படிச் சரியா வந்துச்சு?"

"எதை எதோட கூட்டினாலும் பூஜ்யம் பூஜ்யம்தானே."

எனக்கு அப்போது தலையில் அடித்த மாதிரி விளங்கியது. சல்லடையில் தூசியை மட்டும் போட்டுச் சலித்திருக்கிறாள். எந்தச் சல்லடையில்தான் தூசி விழாது? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாக, நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் படம் அனுப்பச் சொன்னவன்.

அவள் மடிக்கணினியை இழுத்துக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டாள். எனக்கு பெங்களூர் பஸ் கண்ணில் வந்து நின்றது.

"ஏய், கொஞ்சம் இரு. அம்பத்தொண்ணுல அஞ்சுதானே? அதை எவன் தொடப் போறான்?"

"எந்த அளவை எப்பக் கேப்பாகன்னு நமக்குத் தெரியாது. போடிமெட்டு வளைவுல ஒரு ஜீப்பு கவுந்து, அதுக்குள்ள இருந்து ஒருத்தரு போன் போடுறாருன்னு வைங்க. அன்னிக்கு இந்த அளவு வந்தா?"

"இதச் சொன்னா நீ பெங்களூருக்குப் போயிரணுமே, அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள். கண் கலங்கியிருந்தது, கை தட்டச்சை விடவில்லை. "முழுப் பூசணிக்காயச் சோத்துக்குள்ள வச்சு எத்தன நாளைக்கு மறைக்க?"

கடிதம் குழுவில் எல்லோருக்கும் போனது. அதன் பிறகுதான் சுரேஷ்கண்ணனுக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். அதற்குள் அவர் கடிதத்தைப் படித்திருந்தார்.

"எனக்கு ஒரு போன் போட்டுட்டு எல்லாருக்கும் எழுதியிருக்கலாமே ஷீபா."

"போட்டிருந்தா சொல்லலாமா வேண்டாமான்னு நீங்க யோசிச்சிருப்பீங்க சார்."

"இதை யாரு கண்டுபிடிச்சது?"

"எங்க வீட்டுக்காரரு. கடை போர்டு தெரியலைன்னாரு."

அந்த நேரத்திலும் அவர் லேசாகச் சிரித்துவிட்டார். பிறகு, "திங்கக்கிழமை சிப் போகாது. நீங்க நாளைக்கே கிளம்பி வந்துருங்க" என்றார்.

"எத்தன நாளைக்கு சார்?"

"வாங்க. பேசிக்கலாம்."

நான் வியாபாரி. "பேசிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேனி பஸ் ஸ்டாண்டில் பெட்டியை வைக்க இடமில்லை என்ற கண்டக்டரிடம் நான் சண்டைக்குப் போனேன். ஷீபா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்மேல உள்ள கோவத்த ஏன் அவர்ட்ட காட்டுறீக?"

"உன்மேல எனக்கு என்ன கோவம்?"

"அப்ப யாரு மேல?"

பெட்டியைத் தூக்கி அவள் இருக்கைக்குக் கீழே திணித்தேன். பஸ் போய்விட்டது. திரும்பி வந்து கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அங்கே அவள் தப்பைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லையாம், நாலைந்து வரிதான். ஐம்பத்தோரு அளவையும் நிஜச் சேதியால் மறுபடி பரிசோதிப்பதுதான் நீண்ட வேலை. அதோடு முடியவில்லை. அவள் கடிதத்தைப் படித்த மற்றவர்களும் தங்கள் பகுதிகளுக்குள் நிஜச் சேதியை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் இன்னொருவருடைய பகுதியும் தேறவில்லை. அவள் சொல்லியிராவிட்டால் மொத்தச் சிப்பும் குப்பை. இதையெல்லாம் தினமும் போனில் சொல்லுவாள். நானும் "அப்பிடியா, சரி" என்பேன். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டு, வேறு மாதிரி பதில் வந்துவிட்டால்?

கடையில் நான் இருந்த இருப்பைக் கருத்தம்மாள் சும்மா விடுவாரா? "மொதலாளி, வெளுத்ததப் பூராப் பச்சையில கலந்து வச்சிருக்கீக. போன் பாக்குற புள்ள ஊர்ல இல்லைன்னா கண்ணு தெரியாதோ?" என்றார். வழக்கமாக இதற்கு ஒரு கத்து கத்தியிருப்பேன். அன்று கத்தவும் தோன்றவில்லை.

ஒரு நாள் காலை, சரக்கைக் கொட்டிச் சலித்துக்கொண்டிருந்தோம். ஷீபாவிடமிருந்து போன்.

"சிப் போயிருச்சுங்க. எல்லாம் தேறிடுச்சு."

"நல்லது."

"சார் ஒண்ணு கேக்குறாரு. இனி எல்லாப் பகுதியோட பரிசோதனைக்கும் நானே தலைமையா இருக்கணுமாம். ஆனா இங்கனயே இருக்கணும். வேண்டாம்னா பழையபடி போடியில இருந்து என் வேலைய மட்டும் பாக்கலாமாம். இருந்துறவா?"

பெரிய பதவி. பெண்டாட்டி மேலே வருவதைத் தடுத்த ஆம்பளை என்று என் பெயர் வரக்கூடாது. "உன் இஷ்டம்" என்றேன்.

"அப்ப வந்துறவா?"

"உன் இஷ்டம்."

"வேலையவே விட்டுட்டு வந்து, கருத்தம்மாக்கா கூட உக்காந்து ஏலக்காய் பொறுக்கவா?"

"அதும் உன் இஷ்டந்தான்."

"போதுங்க!" என்றாள். அவள் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. "நான் எதைக் கேட்டாலும் இதே பதில் பொருந்துது. நீங்களும் பூஜ்யத்தத்தான் அனுப்புறீக. உங்களுக்குள்ள என்ன இருக்குன்னு இதை வச்சு நான் என்னத்தக் கண்டுபிடிக்க? எனக்கு நெசச் சேதி வேணும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நீ வரணும். நீ இல்லாம இங்கன என்னால முடியலை. மாடிக்கு ஏறவே பிடிக்கலை. காபி குடிக்கிறதையே விட்டுட்டேன். அந்தப் பதவி உனக்குப் பிடிச்சிருக்கும், அது எனக்குத் தெரியும். அதுக்கு ஆசைப்படாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா நீ கேட்டேல்ல, எனக்குள்ள என்ன இருக்குன்னு. நீ வரணும். அம்புட்டுத்தான் இருக்கு."

சலிக்கும் வேலை நின்றிருந்தது. கருத்தம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். போனில் ஷீபா அழுவது கேட்டது.

"இப்ப வந்து சேந்துச்சுங்க" என்றாள். "நான் சார்ட்ட போயி, மாசத்துல ஒரு வாரம் இங்கன வாரேன், மத்த நாளெல்லாம் போடிதான்னு கேக்குறேன். ஒத்துக்கலைன்னா எனக்குப் பழைய வேலை போதும். அந்தப் பதவி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அதையும் சொல்லிர்றேன். ஆனா உங்க கூட இருக்குறது அதவிடப் பிடிச்சிருக்கு."

கடையில் ஆள் இருப்பதை மறந்து நானும் அழுதேன்.

சுரேஷ்கண்ணன் ரெண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இப்போது மாதத்தில் ஒரு வாரம் அவள் பெங்களூர் போய் வருகிறாள். அந்த ஒரு வாரமும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற்றிவிடும்போது அதை அவளிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.